ஒடிய வேண்டிய போல்ட்டு

டிராக்டருக்கும், அதன் பின்னால் மாட்டிய, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கிக் குந்தும் அளவுக்குத்தான் இடம். மாரிக்கனி அதற்குள் தலையைக் கொடுத்து, ஷாஃப்ட்டின் கழுத்தில் சிக்கிக்கொண்ட பாதிப் போல்ட்டைக் கம்பி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். இரும்பு இன்னும் சுட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் முழங்கையிலிருந்து தோள்வரை சுரீரென்று ஏறியது. காலையிலிருந்து இது மூன்றாவது போல்ட்டு. மணி பத்துகூட ஆகவில்லை.

அந்த மானாவாரிக் காட்டுக்குச் சொந்தக்காரி பேச்சி வரப்பில் நின்றபடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினாள்.

"ஏடி மாரி, வானத்தப் பாத்தியா? கருக்கலு கூடுது."

"நீ பாத்துச் சொல்லு. நான் இங்கிருந்து உன் காலத்தான் பாக்க முடியுது."

"என் கால என்னத்தப் பாக்க. நேத்து மிதிச்ச சகதி இன்னும் அப்பிடியே கெடக்கு. சட்டுனு மாட்டுடி."

முந்தாநாள் பெய்தது புரட்டாசியின் முதல் மழை. மழை பெய்த மறுநாள் கரிசலில் கால் வைத்தால் மண் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். ஆறாம் நாள் பாறையாக இறுகி, உழுதால் பானை பானையாகக் கட்டி பெயரும். நடுவில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் மண் பக்குவமாக இருக்கும். அந்த நாட்களில் ஊருக்கே ஒரே நேரத்தில் மாரிக்கனி வேண்டும்.

மிச்சத் துண்டு நழுவிக் கையில் விழுந்தது. கூடவே மறுபாதியையும் தேடி எடுத்து, சீட்டுக்கு அடியிலிருந்த பழைய பவுடர் டப்பாவுக்குள் போட்டாள். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. காட்டுக்குள் விட்டுவிட்டால் விதை ஊன்ற வருகிறவர்களின் காலில் ஏறும். கரிசலுக்குள் போன இரும்பு வெறும் கண்ணுக்கு அகப்படாது.

புதுப் போல்ட்டைச் செருகி நட்டை முடுக்கும்போது பைக் சத்தம் கேட்டது. சங்கரலிங்கம். ஊர் முக்கில் மளிகையும் உரமும் விற்கிற கடைக்காரர். மகளிர் குழுத் தலைவி முத்துலட்சுமியின் வீட்டுக்காரர். டிராக்டரும் ரொட்டவேட்டரும் குழுவின் பெயரில் அரசாங்கம் கொடுத்தவை. முன்பக்கத் தகட்டில் குழுவின் பெயர் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது. ஆனாலும் ஊரில் அதற்கு 'அண்ணாச்சி வண்டி' என்றுதான் பேர். யார் காட்டுக்கு எப்போது வண்டி போகும் என்ற வரிசை அவருடைய செல்போனில்தான் இருந்தது.

"மத்தியானத்துக்குள்ள மூணு காடு சொல்லியிருக்கேன். நீ இங்க ஒக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருக்க?"

"போல்ட்டு ஒடிஞ்சிருச்சு அண்ணாச்சி."

"எத்தனாவது?"

"மூணாவது."

"ஒடியிற போல்ட்ட ஏன் போடுற?"

"ஒடியிறதுக்குத்தான் அண்ணாச்சி இந்தப் போல்ட்டே. வேரு கீரு மாட்டுனா இது ஒடிஞ்சாத்தான் கியர்பாக்ஸு தப்பும். டிரெயினிங்ல சொன்னாக."

"டிரெயினிங்ல சொன்னவன் நம்மூருக் கருவேல வேரப் பாத்திருக்கானா? வந்து ஒரு நாளு உழச் சொல்லு. அவனே ஒடிஞ்சு போவான்."

பேச்சி சிரித்தாள். சிரித்துவிட்டு மாரிக்கனியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாள். சங்கரலிங்கம் டப்பாவிலிருந்து உடைந்த துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை மாவாகத் தெரிந்த அதன் உடைந்த வாயை நகத்தால் சுரண்டினார்.

"மெழுகு மாதிரில இருக்கு," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாரிக்கனி ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். வாடகை மணிக்கணக்கில், எஞ்சின் ஓடினால் மட்டும் ஓடும் மீட்டரைப் பார்த்து. நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினையும் அணைத்துவிடுவாள், காட்டுக்காரருக்கு நிற்கிற நேரத்தின் கணக்கு ஏறக்கூடாதென்று. அப்படியும் முணுமுணுப்பு ஓயாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கத்திகளின் நட்டை முடுக்கிப் பார்ப்பதும், சுற்றிக்கொண்ட பருத்திமார்க் குச்சிகளை அரிவாளால் அறுத்தெடுப்பதும், கிரீஸ் அடிப்பதும் அவர்கள் கண்ணுக்கு வேலையாகத் தெரிவதில்லை. ஓட்டத் தெரியாதவள் திணறுவதாகத்தான் தெரியும்.

மாசி மாதம் அருப்புக்கோட்டையில் கம்பெனிக் கடை வாசலில் ரொட்டவேட்டர் பார்த்தபோது அவளுக்கும் இதெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று தோன்றியது. கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டியவள் அவள். எந்த அகலத்துக்கு எந்தத் தறி என்று கண்ணே அளந்துவிடும். கடையில் கிடந்த சணல் கயிற்றை வாங்கி டிராக்டரின் பின்சக்கரங்களை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்தாள். நாலடிக்குக் கொஞ்சம் குறைவு.

"நாலடி ரொட்டவேட்டர் போதும்க்கா," என்றாள் முத்துலட்சுமியிடம். "சக்கரம் மிதிச்ச தடத்த மூடுற அளவுக்கு இருந்தாச் சரி. அதுக்கு மேல போனா இந்தச் சின்ன எஞ்சினு இழுக்காது."

கடைப் பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சங்கரலிங்கம் ஐந்தடி மெஷினின் முதுகில் கையை வைத்து நின்றிருந்தார். "அஞ்சடின்னா ஒரு நடைக்கு ஒரு அடி கூட வரும்ல. பத்து நடைக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். கூட வந்த பெண்கள் விரலை மடக்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். "சாரே சொல்றாரு," என்று கம்பெனிக் கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார்.

ஐந்தடி மெஷினை முதன்முதலாகத் தூக்கியபோது டிராக்டரின் முன்சக்கரம் ஆட்டுக்கிடா மாதிரி எழும்பிவிட்டது. அன்றிலிருந்து முன்பக்கம் இரண்டு மணல் மூட்டை கட்டி ஓட்டினாள்.

குழுவில் ஒருத்திக்காவது ஓட்டத் தெரிய வேண்டும் என்று அதிகாரி சொன்னபோது பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்திதான் கையைத் தூக்கினாள். ஏன் தூக்கினாள் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறாள். கணவன் ராஜபாண்டி கேரளாவில் ஓட்டல் வேலையில் இருந்தான். வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் எல்லோரோடும் வரிசையில் குனிந்து போய்வந்தவள்தான். ஆனால் தறியை விட்ட பிறகு, ஒரு மெஷின் தன் கைக்குக் கட்டுப்பட்டு ஓடுகிற சத்தம் உடம்புக்குள் எங்கோ இல்லாமல் போனதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்தாலும் பாதம் கிளட்சைத் தேடித் தேடித் தரையைத் தட்டுகிறது. "அம்மா, கால ஆட்டாத, எழுத்து கோணுது," என்பாள் ஏழாவது படிக்கிற மகள் பிரவீணா. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி ஆடும்.

மூன்று போல்ட்டு ஒடிந்ததற்கு மறுநாள் காலை, மளிகைக் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் அவள் வண்டிக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது சங்கரலிங்கம் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கறுப்புப் போல்ட்டு. தலையில் ஆறு மூலைக் குழி. கையில் வாங்கினாள். அளவு அதேதான். ஆனால் கனம் வேறு.

"பாளையம்பட்டி வேங்கடபதி லேத்துப் பட்டறையில வாங்குனேன். இது ஒடியாது."

"ஒடியலைன்னா வேற ஏதாச்சும் ஒடியும் அண்ணாச்சி."

"என்ன ஒடியும்?"

"கியர்பாக்ஸு."

"அது என்ன மண்ணுலயா செஞ்சிருக்கு? வார்ப்பு இரும்பு. ஏம்மா, நேத்து நாலு காட்டுக்காரன் எங்கிட்டத்தான வந்து சத்தம் போடுறான். பொம்பளைய வச்சு ஓட்டுனா இப்பிடித்தான்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்றான். எனக்கு இல்ல, உனக்குத்தான் அது அசிங்கம்."

மாரிக்கனி முத்துலட்சுமியைப் பார்த்தாள். முத்துலட்சுமி கடைப் படியில் நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். பிரவீணாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியிலேயே ஆட்டோ பிடித்துக் கொடுத்தவள். துண்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "அவுகதான் சொல்றாகல்ல. இன்னைக்கு ஒரு நாளு போட்டுப் பாரு மாரி."

மாரிக்கனிதான் மாட்டினாள். அவள் கையாலேயே.

பிறகு எத்தனையோ முறை அந்த இடத்துக்கு மனசு திரும்பிப் போனது. வேண்டாம் என்று கீழே வைத்திருக்கலாம். வண்டியை எடுக்க மாட்டேன் என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். மாட்டியது பயத்தால் அல்ல, அதுதான் அவளை அரித்தது. அந்தக் கறுப்புப் போல்ட்டை முடுக்கியபோது ஒரு நாளாவது இறங்காமல், குந்தாமல், யார் வாயையும் பார்க்காமல் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருந்தது.

அப்படித்தான் ஓட்டினாள். இரண்டு காடு, மூன்றாவதில் பாதி. ஒருமுறைகூட ஒடியவில்லை. மண் மாவாகப் பின்னால் விழுந்தது. கொக்குகள் பின்தகட்டை ஒட்டியே நடந்து புழுப் பொறுக்கின. இரண்டாவது காட்டுக்காரர், நேற்றுவரை வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்த்தவர், "பரவாயில்லையே, புள்ள ஓட்டப் பழகிருச்சே," என்றார். அவளுக்கு முகம் கொள்ளாமல் சிரிப்பு வந்தது. பற்களை மூடிக்கொண்டாள். உதட்டில் புழுதி கரகரத்தது. எஞ்சின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முனகுவது காதில் விழுந்தது. தறியில் ஒரு நூல் அறுந்தால்கூட அறைக்கு வெளியே நின்று கண்டுபிடித்த காது அது. முனகலைக் கேட்டாள், கேட்டும் இன்னொரு நடை, இன்னொரு நடை என்று போனாள்.

மூன்றாவது காடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலிக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மரத்தை ஜே.சி.பி. விட்டுத் தள்ளியவர்கள் வேரை அப்படியே விட்டிருந்தார்கள்.

சத்தம் பெரிதாக இல்லை. தேங்காயைக் கல்லில் அடித்தது போல ஒன்று. வண்டி ஒரு முழம் பின்னால் உதறி நின்றது. அவள் மார்பு ஸ்டியரிங்கில் மோதியது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். கத்திகளுக்கு நடுவில் தொடை கனத்தில் ஒரு வேர், தோல் உரிந்து சிவப்பாக. மேலே கியர்பாக்ஸின் வயிற்றில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. கறுப்பு மண்ணில் விழுந்த கறுப்பு எண்ணெய் விழுந்த இடம் தெரியாமல் போனது. அவள் இரண்டு கையையும் வெடிப்புக்கு அடியில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கை நிறைந்து விரலிடுக்கில் வழிந்தது.

மறுநாள் ரொட்டவேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் பாளையம்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாரிக்கனி டவுன் பஸ்ஸில் பின்னாலேயே போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

வேங்கடபதியை அவளுக்குத் தறிக் காலத்திலேயே தெரியும். அப்போது தறிக்கு உதிரி கடைந்து கொடுப்பார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். தறிகள் குறையக் குறைய டிராக்டர் வேலைக்கு மாறியவர். பட்டறைத் தரையில் கியர்பாக்ஸைப் பிரித்து, பல்லுடைந்த சக்கரத்தை வெளியே எடுத்து வைத்தார். பேரிங் மூன்று துண்டு. ஷாஃப்ட்டு முறுக்கிய துணி மாதிரி இருந்தது. கடைசியாக அந்தக் கறுப்புப் போல்ட்டைக் கழற்றித் துணியால் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"பாத்தியா தாயி. இதுக்கு ஒரு கீறல் இல்ல."

"இத அண்ணாச்சிதான வாங்கிட்டுப் போனாரு?"

"ஆமா."

"ரொட்டவேட்டருக்குன்னு சொன்னாரா?"

வேங்கடபதி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "முதல்ல சொன்னாரு. ஆகாது, கியர்பாக்ஸு போயிரும்னேன். அப்ப டிரெய்லருக்குன்னு வச்சுக்குங்கன்னாரு. குடுத்தேன்."

"குழுவுல வந்து இத ஒரு வார்த்தை சொல்வீகளாண்ணே?"

அவர் பட்டறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். சுவரோரம் சாய்த்து வைத்த கலப்பைகள், கொழுமுனைகள், ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எழுதிய ஊர்ப்பெயர். "உங்க பக்கத்து வேலை எல்லாம் அண்ணாச்சி கைகாட்டித்தான் எங்கிட்ட வருது. உங்க ஊரு விசயத்துக்குள்ள என்ன இழுக்காத தாயி," என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, போல்ட்டை ஒரு காகிதத்தில் சுற்றி, "இது உன்கிட்ட இருக்கட்டும்," என்று கொடுத்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் நிற்கவில்லை.

குழுக் கட்டடத்தில் மறுநாள் பதினொரு மணிக்குக் கூட்டம். பன்னிரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஃபேன் சுற்றவில்லை. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சங்கரலிங்கம் பைக்கில் சாய்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்திய இடத்திலெல்லாம் உள்ளே நடப்பதைக் கேட்கிறார் என்று தெரிந்தது.

மாரிக்கனி காகிதத்தைப் பிரித்துப் போல்ட்டைப் பாயின் நடுவில் வைத்தாள்.

"இதுதான் போட்டது. ஒடியிற போல்ட்டு இல்ல இது. அண்ணாச்சி வாங்கியாந்தது."

யாரும் அதைத் தொடவில்லை. ஒருத்தி மட்டும், "இத்தினிக்கூண்டு இருக்கு," என்றாள்.

முத்துலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "போல்ட்ட மாட்டுனது யாரு மாரி?"

"நாந்தான்."

"வேண்டாம்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா. நீங்களும் நின்னீக."

"சொன்ன. நின்னேன். நான் இல்லைங்கல." முத்துலட்சுமி பாயின் கோரையை நகத்தால் நிமிண்டினாள். "எனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்? உனக்குத்தான டிரெயினிங்கு குடுத்தாக. ஆகாதுன்னு தெரிஞ்சும் ஏன் மாட்டுன?"

மாரிக்கனி வாயைத் திறந்தாள். நீங்கள் சொன்னீர்கள் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் அந்த அரைநாள் நின்றது: கொக்குகள், மாவாக விழுந்த மண், 'புள்ள பழகிருச்சே' என்ற குரல், மூடிக்கொண்ட பல். காதில் விழுந்த முனகல். பாதம் பாயைத் தட்ட ஆரம்பித்தது. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

பேச்சியைப் பார்த்தாள். அவளும் குழுவில் ஒருத்தி, அன்றைக்குக் காட்டில் அண்ணாச்சி பேசியதையெல்லாம் கேட்டவள். 'ஒடியிற போல்ட்ட ஏன் போடுற' என்றதையும், உடைந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனதையும் பார்த்தவள். பேச்சி தலையை நிமிர்த்தி மாரிக்கனியைப் பார்த்தாள், பிறகு வாசலை. அவளுடைய கீழக்காடு இன்னும் உழாமல் கிடந்தது. அடுத்த மழைக்கு வேறு ஊர் வண்டியோ, மாற்று மெஷினோ, எது வந்தாலும் வரிசை அந்தச் செல்போனில்தான் இருக்கும். பேச்சி குனிந்து காலில் காய்ந்திருந்த சகதியைப் பெயர்க்கத் தொடங்கினாள்.

"கொஞ்ச நாளைக்குச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள் முத்துலட்சுமி. "என் அண்ணன் மகன் அருண்பாண்டியன் மல்லாங்கிணத்துல தண்ணி லாரி ஓட்டுறான். அவன் வந்து பாத்துக்கிருவான். உனக்கு ரெஸ்ட்டா இருக்கும்."

"குழுவுல உள்ளவகதான் ஓட்டணும்னு அதிகாரி சொன்னாகளே?"

"பேரு உன் பேருதான் இருக்கும். ஏட்டுல யாரு மாத்தப் போறா?"

சாவியில் சிவப்பு நூலால் பின்னிய கயிறு போட்டிருந்தாள் மாரிக்கனி. தறியில் போடுவது போன்ற முடிச்சு, இழுத்தால் இறுகும். கழற்றிப் பார்த்தாள், வரவில்லை. கயிறோடு கொடுத்தாள். கறுப்புப் போல்ட்டு பாயிலேயே கிடந்தது. கூட்டம் கலைந்ததும் யாரோ அதைப் பெருக்கித் தள்ளியிருக்க வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தபோது இல்லை.

அடுத்த பதினைந்து நாளும் அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பாள். கொட்டகை வழியாகப் போகாமல் சுற்றிப் போவாள். சுற்றிப் போகிறோமே என்று கோபம் வந்து மறுபடி கொட்டகை வழியாகவே திரும்புவாள். டிராக்டர் தார்ப்பாய் போர்த்தி நின்றது. முன்பக்கம் அவள் கட்டிய மணல் மூட்டையில் ஒன்று கிழிந்து மணல் கொட்டியிருந்தது. ராஜபாண்டி போனில், "போனாப் போகுது விடு, பொம்பளைக்கு எதுக்கு அந்த வேலை," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் 'உம்' என்றாள். கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பிரவீணா நோட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் தள்ளி உட்கார்ந்தாள்.

இரண்டாவது மழை ஐப்பசி பிறந்ததும் பெய்தது. அதற்குள் அருப்புக்கோட்டைக் கடைக்காரர் பழைய மெஷினை எடுத்துக்கொண்டு வேறு கொடுக்கச் சம்மதித்திருந்தார். 'எங்கள் டிராக்டரின் திறனுக்கு ஐந்தடி பொருந்தவில்லை. நாலடி தேவை' என்று குழுவின் பெயரில் கடிதம் எழுதிக் கொடுத்தது சங்கரலிங்கம். கையெழுத்து வாங்க அவளிடமும் வந்தார்கள். ஓட்டுநர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருந்தது. போட்டுக் கொடுத்தாள்.

பேச்சி ஒரு விடியற்காலையில் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"கீழக்காட்டுக்கு இன்னைக்கு உழவு. பின்னாலேயே மக்காச்சோளம் ஊனணும். ஆளு பத்தல." நிறுத்தி, "வாரியாடி?" என்றாள்.

"வாரேன்."

"கோவமா?"

"கூலிக்கு ஆளு கூப்புட வந்தியா, கோவத்த அளக்க வந்தியா?"

பேச்சி சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் திரும்பிப் போனாள்.

கீழக்காட்டில் ஆறு பெண்கள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மாரிக்கனி மூன்றாவது ஆள். முன்னால் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அருண்பாண்டியன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். சாவியில் சிவப்புக் கயிறு ஆடியது. நாலடி ரொட்டவேட்டரை வண்டி அலுங்காமல் இழுத்தது, முன்சக்கரம் எழும்பவில்லை, மணல் மூட்டை இல்லை. சக்கரம் மிதித்த தடத்தை மெஷின் வந்து மூடிக்கொண்டே போனது. பின்னால் பார்த்தால் அந்த வழியாக எதுவுமே போகாதது போலிருந்தது. அவள் குனிந்து ஊன்றினாள். குச்சியால் ஒரு குத்து, இரண்டு விதை, கட்டைவிரலால் ஒரு தள்ளு. குத்து, விதை, தள்ளு. காது மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

காட்டின் நடுவில் 'டொக்'கென்று கேட்டது. பிறகு ஷாஃப்ட்டு வெறுமனே சுற்றும் சலசலப்பு. மற்றவர்கள் நிமிரும் முன்பே அவளுக்குத் தெரிந்தது.

அருண்பாண்டியன் எஞ்சினை அணைக்காமல் இறங்கினான். வரப்பில் நின்ற சங்கரலிங்கம் பைக்கின் பக்கப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வந்தார். பை நிறைய வெள்ளைப் போல்ட்டுகள். அடுத்த காட்டுக்காரர், அன்றைக்குக் கடிகாரம் பார்த்தவர், அவரும் கூடவே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள ஒடிஞ்சிருச்சு?"

"ஒடியிறதுக்குத்தான் மாமா இந்தப் போல்ட்டே," என்றார் சங்கரலிங்கம். "வேரு மாட்டுனா இது ஒடியணும். இது ஒடிஞ்சாத்தான் கியர்பாக்ஸு தப்பும். தெரியாத ஆளுக கையில குடுத்து ஒரு தடவ பட்டாச்சுல்ல."

"அதுஞ் சரிதான்," என்று காட்டுக்காரர் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கட்டி மேல் உட்கார்ந்தார். "மெதுவா மாட்டுங்க தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல."

பேச்சி தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றி அருண்பாண்டியனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, சாவகாசமாகக் குந்தி, பாதிப் போல்ட்டைத் தட்டி எடுத்தான். எடுத்ததைத் தோளுக்கு மேலாகக் காட்டுக்குள் வீசினான். மறுபாதியையும் வீசினான்.

வண்டி நகர்ந்தது. பெண்கள் குனிந்தார்கள். குத்து, விதை, தள்ளு. இருபது அடி தள்ளி மாரிக்கனியின் உள்ளங்காலில் ஏதோ நறுக்கென்று ஏறியது. நின்று காலைத் தூக்கினாள். மண்ணோடு ஒட்டிக்கொண்டு பாதிப் போல்ட்டு. உடைந்த வாய் வெள்ளையாக இருந்தது. பிடுங்கியதும் ரத்தம் ஒரு சொட்டு நின்று, பிறகு ஓடியது. இரும்பு இன்னும் சுட்டது.

"ஏத்தா, மூணாவது ஆளு, வரிசை பின்னால கெடக்கு பாரு," என்று வரப்பிலிருந்து சங்கரலிங்கம் சத்தம் கொடுத்தார்.

அவள் அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். இன்னொரு பாதி எங்கே விழுந்தது என்று மண்ணைப் பார்த்தபடி, ஒரு காலைச் சரித்துச் சரித்து வைத்து, விதை ஊன்றிக்கொண்டே போனாள்.